நந்தவனத்தில் எருக்கு: அறிந்து வளர்ப்போம், அஞ்சாமல் காப்போம்

(ஆலய நந்தவனப் பணி தொடங்கிய நாளில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நந்தவனத்தில் என்னென்ன செடிகள் வைக்கலாம் என்று குழுவில் பேசியபோது துளசி, அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாவற்றுக்கும் எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். எருக்கு என்றதும் மட்டும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. "விநாயகருக்கு உகந்த பூ, அது இல்லாமல் நந்தவனமா?" என்றது ஒரு தரப்பு. "அது விஷச்செடி, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம்" என்றது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் சொன்னது உண்மைதான். ஆகவே அதைப் பற்றி நான்கு வார்த்தை பேசும் பொறுப்பைப் பழைய ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எருக்கு நமக்குப் புதிய செடி அன்று. சங்கப் பாடல்களிலேயே அது இருக்கிறது. பாரியின் நண்பரான கபிலர், எருக்கம்பூவே ஆனாலும் உள்ளதைக் கொடுத்தால் கடவுள் வேண்டாம் என்று ஒதுக்குவதில்லை என்ற கருத்தைப் புறநானூற்றின் 106ஆம் பாட்டில் வைத்திருக்கிறார். மணமும் மதிப்பும் இல்லாத பூ என்று உலகம் ஒதுக்கியதை இறைவன் ஏற்றுக்கொள்கிறான் என்பதே அதன் உட்பொருள். காதல் கைகூடாமல் மடலேறும் தலைவன் எருக்கமாலை சூடுவதையும் சங்க நூல்களில் காண்கிறோம். தமிழ்நாட்டில் விருத்தாசலம் பக்கத்தில் உள்ள திருஎருக்கத்தம்புலியூர் பாடல் பெற்ற சிவத்தலம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே எருக்கு இருக்கிறது. தலவிருட்சமும் வெள்ளெருக்குதான்.

நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு இந்தச் செடி நன்றாகத் தெரியும். வீக்கம் கண்ட முழங்காலில் இலையை வாட்டிக் கட்டியவர்கள், காலில் குத்திய முள்ளை எடுக்க அதன் பாலைத் தொட்டு வைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். ஆனால் கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துவந்த பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீட்டு மனைகள் வந்துவிட்டன. லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு எருக்கு என்பது சதுர்த்தியன்று கடையில் வாங்கும் மாலை, அவ்வளவுதான். செடியைக் காட்டினால் அவர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. அடையாளம் தெரியாத இடத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

முதலில் அடையாளத்தைப் பார்ப்போம். எருக்கு இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை தானாக வளரும் செடி. மலாய்க்காரர்கள் இதை 'ரெம்பேகா' என்பார்கள். தாவரவியலில் இதன் பெயர் கலோட்ராபிஸ் ஜைஜான்டியா. செடி என்று சொன்னாலும் ஆள் உயரத்தைத் தாண்டிப் பத்து, பன்னிரண்டு அடிவரை போகும். இலைகள் தடிப்பாக, எதிரெதிரே இரண்டிரண்டாக இருக்கும். காம்பே இல்லாததுபோல் இலையின் அடிப்பாகம் தண்டைத் தழுவி நிற்கும். இளம் இலையிலும் தண்டிலும் மாவு பூசியதுபோல் வெள்ளைப் படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் வந்துவிடும்.

பூவில் ஐந்து இதழ்கள், மெழுகில் செய்ததுபோல் இருக்கும். அவற்றின் நடுவே சிறிய கிரீடம் ஒன்று நிற்கும். ஆங்கிலத்தில் இதைக் 'கிரீடப் பூ' என்று அழைப்பதற்கு அதுவே காரணம். பெரும்பாலான செடிகளில் பூ இளம் ஊதா நிறம். வெள்ளைப் பூ பூப்பதை வெள்ளெருக்கு என்கிறோம். இதற்கு உறவான இன்னொரு செடியும் உண்டு. அதன் பெயர் கலோட்ராபிஸ் புரோசெரா. அதில் இதழ்கள் கிண்ணம்போல் நிமிர்ந்து, நுனியில் மட்டும் ஊதா நிறம் காட்டும். நம் எருக்கில் இதழ்கள் நன்றாக விரிந்து, பின்னோக்கி மடிந்தும் இருக்கும். வெளுப்பாகத் தெரியும் எல்லாவற்றையும் வெள்ளெருக்கு என்று விற்கிறார்கள். மலர்ந்த பூவைப் பார்க்காமல் கன்று வாங்க வேண்டாம்.

காய்கள் வளைந்து பருத்து, பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். முற்றி வெடித்தால் பட்டுப்போன்ற பஞ்சோடு விதைகள் காற்றில் பறக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம், எங்கே கிள்ளினாலும் உடனே சொட்டும் வெள்ளைப் பால்.

அந்தப் பாலைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாம் பால்மரம் வெட்டிப் பிழைத்த சமூகம். ரப்பர்ப் பால் கையில் பட்டால் உலரவிட்டுத் தேய்த்து உருட்டி எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனவர்கள் நாம். பால் என்றால் பயமில்லாத கை நம் கை. அந்தப் பழக்கத்தை எருக்கிடம் காட்டக்கூடாது. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கக்கூடிய நச்சுப் பொருள்களும், புரதத்தை அரிக்கும் நொதிகளும் இருக்கின்றன. சிலருக்குத் தோலில் பட்டால் சிவந்து எரியும், கொப்புளமும் வரும். ஒருமுறை ஒன்றும் செய்யவில்லை என்பதால் மறுமுறையும் செய்யாது என்று சொல்ல முடியாது. உள்ளே போனால் வாந்தியும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்து கண்ணுக்குத்தான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலம் நீர் கோத்து வீங்கிப் பார்வை மங்கிவிடும். பலருக்கு அப்போது பெரிய வலி தெரிவதில்லை. வலி இல்லையே என்று சும்மா இருந்துவிட்டு, பார்வை பனிமூட்டம்போல் ஆனபிறகுதான் பதறுகிறார்கள். இந்தச் செடியின் பூவை மாலையாகக் கோக்கும் வழக்கம் ஹவாய்த் தீவிலும் உண்டு. அங்கே கடைசியாக ஆண்ட அரசி லிலியுகலானிக்கு மிகவும் பிடித்த மலர் இது. அந்தத் தீவின் மருத்துவ இதழில் 1949ஆம் ஆண்டிலேயே இந்தப் பூவால் வரும் கண் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில், எருக்கின் உறவுச் செடியின் பால் பட்டுக் கண் பாதித்த 29 பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 2009இல் இந்தியக் கண் மருத்துவ இதழில் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பியது என்பது நமக்கு ஆறுதல்.

இப்போது நம் வழக்கங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆலயத்தில் பிரசாதமாகப் பூ கொடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? இரு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறோம். அது பக்தியின் அழகு. ஆனால் புதிதாகப் பறித்த எருக்கம்பூவின் காம்பில் பால் கசிந்துகொண்டிருக்கும். அதைக் கண்ணில் ஒற்றலாமா? ரதசப்தமியன்று எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுகிறோம். கிள்ளிய இடத்துப் பால் தண்ணீரோடு நெற்றியில் வழிந்து கண்ணுக்கு வராதா? பிள்ளைகளோ எருக்கம் மொட்டைக் கண்டால் விரல்களுக்கிடையே வைத்துப் 'பட்டென்று' உடைக்காமல் விடமாட்டார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் இந்த விளையாட்டை எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன். மொட்டை உடைத்த அதே விரல்தான் அடுத்த நொடியில் கண்ணைக் கசக்கும்.

ஆகவே நான் குழுவின் முன் வைத்த யோசனை இதுதான்: எருக்கை வளர்ப்போம், முறையோடு வளர்ப்போம்.

வளர்ப்பது கடினம் அன்று. நம் வட்டாரத்தில் கடலோரம் களிமண், உள்ளே போனால் கரிச்சதுப்பு நிலம். இரண்டிலும் தண்ணீர் தேங்கும். எருக்குக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். வறண்ட மண்ணையும் கடும் வெயிலையும் தாங்கும். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஆகவே இரண்டடி உயரத்துக்கு மேடு கட்டி, மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து, நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில் நட வேண்டும். விரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய தண்டை வெட்டி, பால் நின்று வெட்டுவாய் உலரும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்துப் பிறகு நட்டால் வேர் பிடிக்கும். விதையிலிருந்தும் வரும். ஆனால் வெள்ளெருக்கின் விதையில் வெள்ளைப் பூவே வரும் என்ற உறுதி இல்லை. அதற்குத் தண்டுதான் நம்பிக்கை. செடிக்குச் செடி ஆறடி இடைவெளி விடுங்கள். வேர் பிடித்தபின் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

வெட்டிவிடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. செடியை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவிடக்கூடாது. தலைக்கு மேலுள்ள பூவை அண்ணாந்து பறித்தால் பால் முகத்தில்தான் சொட்டும். கிளைகள் தாழ்வாக இருந்தால் பூவும் நிறைய வரும், கண்ணும் தப்பும். பறிக்கும்போது ரப்பர்க் கையுறையும் மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கையால் கிள்ளாமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டிய பூக்களை ஒரு வாளித் தண்ணீரில் அலசி, பழைய நாளிதழின்மேல் பரப்பிக் காம்பு உலர்ந்தபின் மாலை கட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொட வேண்டாம். எருக்கமாலை சுவாமிக்கு மட்டும் சாத்துவது. பிரசாதமாகக் கைக்கு வருவது வேறு பூவாக இருக்கட்டும் என்று குருக்களிடம் பேசியிருக்கிறோம். ரதசப்தமிக்கு வேண்டிய இலைகளை முதல் நாளே பறித்துக் கழுவி, காம்புப் பக்கம் உலரவைத்துத் தருவோம். நீராடும்போது கண்களை மூடிக்கொள்வது நம் பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் பால் கண்ணில் பட்டுவிட்டால், உடனே சுத்தமான குழாய்த் தண்ணீரில் குறைந்தது கால்மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கிளினிக்குக்கோ போய், இன்ன செடியின் பால் பட்டது என்று சொல்லுங்கள். கைப்பேசியில் செடியின் படத்தைக் காட்டினால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் கண்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இவ்வளவு தொல்லையோடு இந்தச் செடி எதற்கு என்று இன்னும் சிலர் நினைக்கலாம். கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சியைக் காண எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். ஆற்றோர பெரெம்பாங் மரங்கள் இருப்பதால்தான் அந்த வெளிச்சம் இருக்கிறது. எருக்கையும் நம்பி ஓர் உயிர் இருக்கிறது. செம்மஞ்சள் இறகும் கறுப்பு நுனியும் கொண்ட 'பிளைன் டைகர்' என்ற பட்டாம்பூச்சி இந்தச் செடியில் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு அதன் புழு இலையைத் தின்று, செடியின் நஞ்சைத் தன் உடலிலே சேர்த்துக்கொள்ளும். அந்தக் கசப்பு அறிந்த பறவைகள் அதைத் தொடுவதில்லை. நமக்கு நஞ்சானது அதற்குக் கவசம். ஆகவே இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து எட்ட நின்று காட்டுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்து வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லிச் செடியை அடியோடு தோண்டுபவர்கள் இருக்கிறார்கள். வேரைத் தோண்டினால் செடி செத்துப்போகும். மேட்டில் உயிரோடு நின்று ஆண்டு முழுவதும் பூக்கும் செடி பிள்ளையாருக்கு எத்தனை மாலை தரும் என்று எண்ணிப் பாருங்கள்.

நந்தவனத்தின் மேற்கு மூலையில், பாலர் பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதையிலிருந்து தள்ளி, வேலிக்குள்ளே மூன்று செடிகள் வைக்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழிலும் மலாயிலும் பெயர்ப்பலகை எழுதி, "பால் கண்ணில் படக்கூடாது" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். பராமரிக்க இரண்டு இளைஞர்கள் முன்வர வேண்டும்; கையுறையும் கத்தரிக்கோலும் ஆலயம் வாங்கித் தரும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.