பால் என்ன பாவம் செய்தது?

போன வாரம் இதே மேடையில ஒருத்தர் முழங்கிட்டுப் போயிருக்கார். பேர் வேண்டாம். பால் வெள்ளை விஷமாம்! குடிச்சா சர்க்கரை வருமாம், இருதயம் நிக்குமாம். பேசி இறங்கினவர் நேரா எங்கே போனார்? எதிர்க்கடையில ஸ்ட்ராங்கா ஒரு டீ! அண்ணாச்சி அதோ நிக்கிறார், கேளுங்க.

இந்த நாட்டுல சர்க்கரை நோயாளி 10 கோடிக்கு மேல. 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன கணக்கு. நான் சிரிச்சுப் பேசினாலும் விஷயம் சிரிப்பில்லை. ஆனா பழி யார் மேல? வாயில்லாத பசு மேல!

‘ப்யூர்’னு ஒரு ஆய்வு. 21 நாடு, ஒண்ணரை லட்சம் பேர்னு வெச்சுக்குங்க. நம்ம சென்னையும் அதுல உண்டு. தலைமை, கேரளத்துல பிறந்து கனடாவுல வாழற டாக்டர் சலீம் யூசுஃப். பால், தயிர்னு நாளைக்கு ரெண்டு தடவையாவது சேர்த்தவங்களுக்கு, தொடாதவங்களைவிட இருதய நோயும் பக்கவாதமும் குறைவுன்னு 2018-ல எழுதினாங்க. 2020-ல அடுத்த கணக்கு: சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நூத்துக்குப் பத்துப் பன்னெண்டு பங்கு குறைவு. அதுவும் ஆடை எடுத்த பால்ல இல்லய்யா, கொழுப்புள்ள பால்ல!

கைதட்டாதீங்க, பொறுங்க. பால்தான் காப்பாத்துச்சுன்னு அவங்க சத்தியம் பண்ணலை. குடிச்சவங்ககிட்ட நோய் குறைவா இருந்தது, அவ்வளவுதான். வெண்ணெய்க்கு அந்தப் பேரும் கிடைக்கலை. நாளைக்கே நெய் டின்னைத் தூக்கிட்டு வந்து என் பேரைச் சொல்லாதீங்க.

ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் ரெண்டு ஜாங்கிரி முடிச்சு, பால் பாயசத்துக்குக் கையேந்தறார். “அண்ணே, சர்க்கரை இருக்குன்னீங்களே?”ன்னேன். “அதனாலதான் தம்பி காபியில சர்க்கரை போடறதில்ல!” இப்பத் தட்டுங்க! ஒரு டம்ளர் பால்ல இயற்கையா இருக்கிற சர்க்கரை பத்து கிராம் போல. அதே அளவு நாம ஸ்பூனால அள்ளிக் கொட்டறோம். கொட்டின கைக்கு வழக்கில்ல, பாலுக்குக் கூண்டு!

ஒரு மனுஷன் இருந்தார். கோழிக்கோட்டுல பிறந்து, நம்ம லயோலாவிலயும் கிண்டியிலயும் படிச்சு, குஜராத்துக்குப் போனார். ஊர் ஊரா விவசாயிகளைச் சங்கமாச் சேர்த்தார். 1970-ல தொடங்கின பால் வெள்ளம் நாடெல்லாம் ஓடுச்சு. பேர் சொல்லணுமா? வேண்டாம், உங்க முகத்துலயே தெரியுது. அவருக்குப் பால் பிடிக்காதுங்க! குடிக்கவே மாட்டார். குடிக்காமலே 90 வயசு. அதையும் மறைக்காம சொல்லிடறேன். குடிக்கலைன்னா குத்தமில்லை. ஆனா அவர் ஊரைக் கூட்டி, குடிக்கிறவன் டம்ளரைத் தட்டி விடலையே!

தலைவர் சீட்டு கொடுத்துட்டார், முடிக்கிறேன். அந்த விஷப் பேச்சாளர் அடுத்த வாரமும் வர்றாராம். வரட்டும். அண்ணாச்சி, அவர் டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டீங்க? மூணா? மைக்ல வந்து சொல்லுங்கய்யா!