திருவாதிரை எங்கே இருக்கிறது?

சென்னையில் வளரும் பிள்ளைக்கு நட்சத்திரம் என்றால் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது சொல்கிற பெயர். தாத்தாவுக்கு ரோகிணி, அத்தைக்குத் திருவாதிரை என்று காதில் விழுந்திருக்கும். அந்தத் திருவாதிரை தன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேயே செக்கச்சிவந்து நிற்பது அதற்குத் தெரியாது. காட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நகரத்தில் என்ன தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். தெருவிளக்குகளிலிருந்து மேலே போகும் வெளிச்சம் தூசியிலும் கடல்காற்றின் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது; மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துபோகின்றன. பிரகாசமானவை அப்படியே நிற்கின்றன. கிராமத்து இருட்டில் ஆயிரக்கணக்கில் இறைந்து கிடக்கும்போது எது எதுவென்று பிள்ளை திணறும். இங்கே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பழகலாம்.

தை மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவு, எட்டு மணிக்கு மாடி ஏறுங்கள். தண்ணீர்த்தொட்டியின் நிழலில் பாயை விரியுங்கள். தெருவிளக்கு கண்ணில் படக்கூடாது. செல்போன் கீழேயே இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும்.

இப்போது கிழக்கே, நல்ல உயரத்தில் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு இடப்பக்கம் சிவப்பாக இருப்பதுதான் திருவாதிரை. அந்த வரிசையை மேலே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். கீழே நீட்டினால், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். அதன் ஒளி நம்மை வந்தடைய எட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், “நீ பிறந்த சமயத்துல அங்கேயிருந்து கிளம்பின வெளிச்சம் இது” என்று சொல்லுங்கள். கேள்விமேல் கேள்வி வரும்.

என் பேரன் எங்கள் மாடியிலிருந்து கார்த்திகையில் நான்கைத்தான் எண்ணினான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது களத்துமேட்டில் நின்று ஆறு எண்ணிவிட்டு, “மிச்ச ரெண்டை அங்கே யார் தாத்தா மறைச்சது?” என்று கேட்டான்.

நாம்தான் மறைத்தோம். இதே சென்னையில், நுங்கம்பாக்கத்தில், 1792-இல் வானாய்வகம் ஒன்று எழுந்தது. 1861-இல் நார்மன் போக்சன் அங்கிருந்துதான் ‘ஏசியா’ என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். வெறுங்கண்ணுக்கு எட்டாத அந்தச் சிறு புள்ளியை அன்றைய சென்னை வானம் தொலைநோக்கிக்குக் காட்டிக்கொடுத்தது. இன்று 2.34 மீட்டர் குறுக்களவுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி, இருட்டு மிச்சமிருக்கும் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கிறது.

ஆற்றில் கலந்த கழிவை அகற்ற ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டும். இந்த ஒளி மாசோ விளக்கை அணைத்த கணமே போய்விடும். எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லவில்லை. வெளிச்சம் தரையில் விழும்படி விளக்குகளுக்கு மேல்மூடி போடலாம். ஆளில்லாத மாடியில் விடியவிடிய எரிவதை நிறுத்தலாம். உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கார்த்திகையில் தனக்கு எத்தனை தெரிந்தது என்று அதுவே எழுந்து சொல்லட்டும். பெரியவர்கள் பதில் சொல்லட்டும்.