தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்!

(பட்டிமன்றத் தலைப்பு: வேற்று மொழியில் மனிதனை அதிகம் தடுமாற வைப்பது தெரியாத சொல்லா? தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லா?)

   

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். 'பாஷை தெரியாத ஊரில் போய் இறங்கினேன். ஒரு வார்த்தை புரியலை. தவிச்சுப் போயிட்டேன்' என்றார். நான் ஒண்ணு கேக்குறேன். தவிச்சீங்க, சரி. அப்புறம் என்ன செஞ்சீங்க? பக்கத்திலே நின்ன ஆளைக் கேட்டீங்களா இல்லையா? கையை ஆட்டி, தலையை ஆட்டி, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதாலேதானே பத்திரமாகத் திரும்பி வந்து இந்த மேடையிலே உட்கார்ந்திருக்கீங்க! (சிரிப்பு)

தெரியாத குளமென்றால் நாம் கம்பை ஊன்றிப் பார்த்துத்தான் காலை வைப்போம். வழுக்கி விழுவதெல்லாம் தெரிந்த படித்துறையில்தான். சொல்லும் அப்படித்தான். தெரியாத சொல் நம்மைக் கேட்க வைக்கும். தெரிந்த மாதிரி இருக்கிற சொல் நம்மைக் கேட்க விடாது. நடுவர் அவர்களே, இதுதான் எங்கள் அணியின் வாதம்.

லத்தீன் என்று ஒரு பழைய மொழி. ரோமாபுரியில் பேசிய மொழி. அந்தத் தாய் பெற்ற சொற்கள் ஐரோப்பா முழுக்கக் குடியேறிவிட்டன. எல்லாவற்றுக்கும் முகஜாடை ஒன்றுதான். குணம் மட்டும் வேறே வேறே!

இதோ, நம்மைச் சுற்றி கேமரா நிற்கிறது. கேமரா என்றால் என்னவென்று இங்கே யாருக்காவது சந்தேகம் உண்டா? ஆனால் இத்தாலியில் ஒரு விடுதிக்குப் போய் 'காமெரா வேணும்' என்று கேட்டுப் பாருங்கள். சாவியை எடுத்து நீட்டுவான்! (சிரிப்பு) அங்கே 'காமெரா' என்றால் அறை. லத்தீனில் வளைந்த கூரை போட்ட அறைக்கு அந்தப் பெயர்.

அறை எப்படி ஐயா படம் பிடிக்கும் கருவியாச்சு? ஓர் இருட்டறை. சுவரில் சின்ன ஓட்டை. வெளியே இருக்கிற காட்சி அந்த ஓட்டை வழியாக வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். 'காமெரா ஒப்ஸ்கூரா', அதாவது இருட்டறை என்று அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார்கள். நாளாக ஆக அறை சுருங்கிப் பெட்டியானது. பெட்டி படம் பிடிக்க ஆரம்பித்தது. 'இருட்டு' என்ற சொல் உதிர்ந்து போச்சு. 'அறை' என்ற சொல் கருவிக்குப் பெயராக நின்னு போச்சு.

அதே சொல் போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. இந்தியில் 'கம்ரா' என்றால் அறை. இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைக்குக் 'காம்பரா' என்று பேர். ஒரு தாய் மக்கள்தான். ஒருத்தன் படம் பிடிக்கிறான்; இன்னொருத்தன் குடும்பத்துக்குக் குடியிருக்க இடம் கொடுக்கிறான்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது கொஞ்சம் செலவு வைக்கும். ஆங்கிலத்தில் 'பேரன்ட்' என்றால் அப்பா அல்லது அம்மா. பெற்றெடுத்தவர் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல் இத்தாலியில் 'பரென்டே', ஸ்பெயினில் 'பாரியென்டே'. அங்கெல்லாம் அதற்குச் சொந்தக்காரர் என்று பொருள்! ஓர் ஆங்கிலேயப் பெண் வீட்டுக்கு இத்தாலிய மாப்பிள்ளை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'என் பரென்டி எல்லாரும் விருந்துக்கு வர்றாங்க.' பெண்ணைப் பெற்றவள் ரெண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தாள். வாசலில் வந்து நின்னது ஒரு பஸ்! (பலத்த சிரிப்பு)

கடன் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஈவென்சுவலி' தருகிறேன் என்றால், நாளானாலும் கடைசியில் தந்துவிடுவேன் என்று அர்த்தம். அதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் 'எவென்டுவெல்'. அதற்கு 'ஒருவேளை' என்று அர்த்தம். தந்தாலும் தருவேன், தராமலும் இருப்பேன்!

'லத்தீன் கிடக்கட்டும், நமக்கென்ன வந்தது?' என்று எதிரணியிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. அம்மா, பக்கத்திலே இருக்கிற கேரளத்துக்குப் போங்க. 'வெள்ளம் வேணுமா?' என்று அன்பாகக் கேட்பார்கள். ஓடிடாதீங்க. குடிக்கத் தண்ணி தர்றாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இனிமேல் நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் அல்ல.

லத்தீனில் 'டாக்சிகம்' என்றால் விஷம். கிரேக்கர்கள் அம்பு நுனியில் தடவிய விஷத்திலிருந்து வந்த சொல். கிரேக்கத்தில் 'டாக்சன்' என்றால் வில். அந்தச் சொல்லின் வாரிசு ஆங்கிலத்தில் 'இன்டாக்சிகேட்டட்'. சாதாரணப் பேச்சில் அதற்குப் பொருள், குடித்தோ மருந்து சாப்பிட்டோ போதையில் கிடக்கிறான் என்பது. ஸ்பானிஷ் மொழியில் அதே வாரிசு 'இன்டோக்சிகாதோ'. அங்கே அது பழைய பொருளை விடவில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல், விஷமாகி, உடம்பு கெட்டுப்போன ஆளையும் அப்படித்தான் சொல்வார்கள்.

1980 ஜனவரி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம். கியூபாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் 18 வயதுப் பையன். திடீரென்று தலைவலி, நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாப்பிட்டது ஏதோ விஷமாகிவிட்டது என்று வீட்டார் நினைத்தார்கள். பதறிப்போய்ச் சொன்ன சொல் 'இன்டோக்சிகாதோ'. டாக்டர் காதில் விழுந்தது 'இன்டாக்சிகேட்டட்'. பையன் போதை மருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டான் என்று எழுதி, அதற்கே வைத்தியம் நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவர இரண்டு நாள் போய்விட்டது. உயிர் பிழைத்தான். கையும் காலும் போச்சு. பிறகு வழக்கு நடந்து நஷ்டஈடு முடிவானது. ஆயுள் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர். பணம் வரும், ஐயா. கால் வருமா?

யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய் டாக்டருக்குச் சுத்தமாகப் புரியாத ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 'என்னம்மா சொல்றீங்க?' என்று கேட்டிருப்பார். மொழி தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் இங்கே டாக்டரும் புரிந்துவிட்டது என்று நினைத்தார். வீட்டாரும் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார்கள். ரெண்டு பக்கமும் பொய் இல்லை. ரெண்டு பக்கமும் அலட்சியம்கூட இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்த முகத்தோடு வந்த ஒரே ஒரு சொல், கேள்வி கேட்கிற வாயை அடைத்துவிட்டது.

அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் படிக்க, வேலை பார்க்கப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். ஊறுகாய், பொடி எல்லாம் கட்டிக் கொடுக்கிறீர்கள். கூடவே ஒரு கேள்வியையும் கட்டிக் கொடுங்கள்: 'நீங்க சொல்றதுக்கு இதுதானே அர்த்தம்?' இந்தக் கேள்வியைக் கேட்கிறதாலே யாருடைய கௌரவமும் குறையாது. நமக்கு மொழி வராத இடத்தில் மட்டுமல்ல, நன்றாக வருகிறது என்று நினைக்கிற இடத்தில்தான் அது அவசியம் வேண்டும்.

ஆகவே நடுவர் அவர்களே, தெரியாத சொல்லை விட்டுவிடுங்கள். அது நம்மை எச்சரித்துவிட்டுத்தான் வருகிறது. மனிதனைத் தடுமாற வைப்பது தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லே, தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)