ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் இடம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



இக்கல்லூரியில் விஞ்ஞானம் கற்று, பின்னர் பல்கலைக்கழக விஞ்ஞானத் துறைகளிற் படிப்பிக்கச் சென்றவர்கள் நாங்கள். மாற்றாற்றல் உள்ள மாணவருக்கு அத்துறைகள் செய்து கொடுக்கவேண்டிய வசதிகள் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

“விசேட வசதி கொடுத்தால் பட்டத்தின் தரம் குறைந்துவிடாதா?” இது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்கு எங்கள் எல்லோருடைய அனுபவத்திலும் பதில் உண்டு. உயர்தரத்தைத் தமிழிற் படித்த நாங்கள், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் படிக்க நேர்ந்தது. எங்களுக்காக ஆங்கில வகுப்புகள் வைத்தார்கள். அதனால் எங்கள் பட்டம் தரம் குறைந்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. விஞ்ஞானம் விளங்கும் பிள்ளைக்கு மொழி தடையாக நிற்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். காது கேளாத பிள்ளைக்கு விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே கொடுப்பதும் அதே நோக்கத்தில்தான்.

நாம் எல்லோரும் செய்த அமில-கார நியமிப்பை நினைத்துப் பாருங்கள். அளவியிலிருந்து துளித்துளியாக விட்டு, பினோத்தலீன் இளஞ்சிவப்பாகும்போது நிறுத்துவோம். அந்த நிறத்தைக் காண இயலாத மாணவி என்ன செய்வாள்? பீஎச் மானி அதே முடிவுப்புள்ளியைக் காட்டும். கணினியுடன் இணைத்தால் அளவீட்டைக் குரலாகவும் கேட்கலாம். கணிப்பும் விளக்கமும் அவளுடையவை. ஒரு கைத்திறனே பரீட்சிக்கப்படும் இடத்தில் அதை விட்டுக்கொடுக்க முடியாதுதான். ஆகவே ஒவ்வொரு செய்முறையிலும் எது அத்தியாவசியம், எது வெறும் வழக்கம் என்பதைத் துறை முதலில் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும்.

டொரதி ஹொட்ஜ்கின் அம்மையாருக்கு இளவயதிலேயே மூட்டுவாதம் வந்தது. எக்ஸ் கதிர்க் கருவியின் ஆளியை இயக்கக் கை இடங்கொடாதபோது, அதற்கு நீண்ட நெம்புகோல் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். பெனிசிலின், விற்றமின் பி12 ஆகியவற்றின் கட்டமைப்பைக் கண்டறிந்து 1964 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். மூன்று வயதிற் பார்வையை இழந்த கீரட் வெர்மெய், சிப்பிகளையும் சங்குகளையும் விரல்களால் தடவி ஆராய்ந்தே கலிபோர்னியாவிற் பேராசிரியரானார்.

எமது நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்கிறது. 2016 இல் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனாலும் அனுமதிக் கடிதம் படியேறி வராது. ஆய்வுகூடம் மேல்மாடியில் இருந்து மின்தூக்கியும் இல்லையென்றால், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது.

அதற்கும் முன்னமே, பாடசாலையிலேயே பாதை அடைபடுகிறது. பார்வை குறைந்த பிள்ளையா, கலைப்பிரிவுக்குப் போகட்டும் என்று பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளையும் கேள்வி கேளாமற் போய்விடுகிறாள்.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்குப் பல உதவிகளைச் செய்ய முன்வந்திருக்கிறீர்கள். ஆய்வுகூடம் புதுப்பிக்கப்படும்போது வாசலில் ஒரு சாய்தளமும், இருந்தபடி வேலை செய்யக்கூடிய உயரத்தில் ஒரு மேசையும் அமையட்டும். வெளிநாட்டு ஆய்வுகூடங்களிற் பணிபுரிவோர், அங்கு இவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்பதை எங்கள் ஆசிரியர்களுக்கு எழுதுங்கள். ஆசிரியர்களாக உள்ளோர், ஒரு பிள்ளையைப் பிரிவு மாற்றுமுன் அவளுக்கு எது விருப்பம் என்று கேளுங்கள்.