மூளைக்கு ஒரு மதில்

(இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



பெயரிலேயே கோட்டை உள்ள ஊரில் நின்று பேசுகின்றேன். அக்கோட்டையின் மதிலை யான் கண்டிலேன். ஆனால், உங்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு மதில் உண்டு. அதனைப் பற்றியதே என் பேச்சு.

செருமானிய அறிஞர் பால் எர்லிக் 1885-இல் விலங்குகளின் குருதியிற் சாயம் செலுத்தினார். பிற உறுப்புகள் நிறமேறின. மூளை வெளுத்தே இருந்தது. சாயத்தைப் பற்றும் இயல்பு மூளைக்கு இல்லை என அவர் கருதினார். அவர்தம் மாணவர் கோல்டுமன் 1913-இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிலேயே விட்டுப் பார்த்தார். மூளை நீலமாயிற்று, உடல் வெளுத்திருந்தது! ஆசிரியர் கருத்தை மாணவர் ஆய்வே திருத்திற்று. இடையில் இருப்பது ஒரு தடை.

மூளை நுண்குழல்களின் சுவர்க் கண்ணறைகள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்துள்ளமையை 1967-இல் மின்னணு நுண்ணோக்கி காட்டிற்று. உயிர்வளி தானே ஊடுருவும். சருக்கரைக்குத் தனி வாயில் உண்டு. நீரிற் கரைவன பல வெளியே நின்றுவிடும்.

இக்காவல் மருந்தையும் மறிக்கும். நடுக்குநோயில் மூளையிற் குறைவது தோப்பமின். அதனைக் குருதியில் ஏற்றிப் பயனில்லை. அதன் முன்னுருவாகிய இலெவோதோப்பாவோ அமினக் காடிகளுக்குரிய வாயில்வழிப் புகுந்து, உள்ளே தோப்பமினாகின்றது. எலும்புருக்கி நோய் மூளையுறையைத் தாக்குங்கால் ஐசோநையசிடு எளிதிற் கடக்கும். இசுட்ரெப்டோமைசின் சிறிதளவே கடக்கும்.

இனி உங்கள் செய்தி. 1998 முதல் இவ்வூரிற் சீருந்துகள் உருவாகின்றன. காலணித் தொழிற்பூங்காவும் உண்டு. காலணிப் பசைகள் பலவற்றிலும், வண்ணத்தை நீர்க்கச்செய்யும் தின்னரிலும் உள்ள தொலுயீன் கொழுப்பிற் கரைவது. மதிற் கண்ணறைகளின் மேலுறையும் கொழுப்பே. ஆகவே அதற்கு வாயிலே வேண்டுவதில்லை. மூச்சில் ஏறிச் சிறிது பொழுதில் மூளையை அடையும். தலைவலியும் கிறுகிறுப்பும் அதன் முதற்குறிகள். நெடுநாள் மிகுதியாக நுகரின் நினைவாற்றலும் நடையும் கெடும்.

"நாற்றம் பழகிவிட்டது, ஐயா" என்கின்றீர்கள். பழகியது மூக்குத்தான், மூளையன்று. முகத்திற் கட்டும் துணி தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவி எழும் இடத்திலேயே அதனை இழுத்தகற்றும் விசிறி வேண்டும். அதற்கேற்ற கரியடைத்த முகமூடி வேண்டும்.

கையாளும் பொருளின் தீங்கைத் தொழிலாளர்க்கு அறிவிக்கும் கடமை, 1987-இலேயே தொழிற்சாலைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. நாளை வேலைக்குச் சென்றதும் பசைக் குவளையின் மேலுள்ள எழுத்தைப் பாருங்கள். படிக்க இயலாத மொழியில் இருப்பின், அதனைத் தமிழில் எழுதி ஒட்டுமாறு மேலாளரிடம் கூட்டாகச் சென்று கேளுங்கள்.