வெளியூரில் இருப்பவரும் நம் ஜமாஅத்தார்தான்
(கரியாலூர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



நம் பிள்ளைகள் மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, திருப்பூர், பெங்களூரு, சவூதி என்று போய்விட்டார்கள். வீட்டுக்குப் பணம் தவறாமல் வருகிறது. ஊருக்கென்று வருவது யாருக்காவது ஆபரேஷன் என்றால்தான். அப்படி ஒருமுறை வாட்ஸ்அப்பில் கேட்டோம். மூன்றே நாளில் சேர்ந்தது. மீதி எவ்வளவு என்று ஒரு தம்பி சவூதியிலிருந்து கேட்டபோது பதில் சொல்லத் திணறினோம். அடுத்த முறை பாதிப்பேர் அனுப்பவில்லை. தவறு எங்களுடையது.

காயல்பட்டினத்தார் ரியாத், ஜித்தா, சிங்கப்பூர், பெங்களூரு என்று போன இடமெல்லாம் நல மன்றம் வைத்திருக்கிறார்கள். மருத்துவ உதவி, படிப்பு உதவி எல்லாம் அதன் வழியாகத்தான். கல்விக்கென்று ஊரிலேயே இக்ராஃ கல்விச் சங்கம் இருக்கிறது. வெளியே சேர்ப்பவரும் உள்ளே விசாரிப்பவரும் சேர்ந்தால்தான் காரியம் ஓடும்.

கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் ஹாங்காங்கிலும் துபாயிலும் வியாபாரம் செய்து இங்கே கல்லூரிகள் கட்டினார். அப்படியொரு முதலாளி நமக்கு இல்லை. நமக்கு ஏற்ற உதாரணம் கடையநல்லூர். தறி நெய்த குடும்பங்கள் அங்கிருந்து சிங்கப்பூர் போய், 1941லேயே தங்கள் ஊர் பெயரில் சங்கம் கண்டன.

நைஜீரியாவின் இக்போ மக்களும் இப்படித்தான். லாகோஸிலும் லண்டனிலும் ஊர்ச்சங்கம் வைத்துச் சந்தா கட்டுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் பெண்கள் சொந்த ஊர் திரும்பி, கூடிப் பேசி, ஊர் வேலைகளை முடிவு செய்கிறார்கள். இங்கே அனுப்பும் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழிப்பது நம் பெண்கள்; கூட்டத்தில் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

ஆகவே இனி ஸகாத் தனிக் கணக்கு, பொது நன்கொடை தனிக் கணக்கு. ஸகாத்தை உரியவருக்குத்தான் கொடுக்க முடியும். கட்டடத்துக்குத் தொட மாட்டோம். இன்னொன்று: இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய உறவினர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் ஆகும். அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்க மாட்டோம். வருத்தப்பட வேண்டாம்.

பழைய ஆபரேஷன் கணக்கை எங்களால் முடிந்தவரை எழுதி எடுத்துவந்திருக்கிறோம். வாசல் பக்கம் மேசைமேல் இருக்கிறது. அனுப்பியவர் வீட்டார் தங்கள் தொகை சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். பெண்கள் பக்கம் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம். விடுபட்டிருந்தால் இன்றே எழுதிக்கொள்வோம்.