பழைய இசைத்தட்டின் மதிப்பு



பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவோர் இன்று மீண்டும் தோன்றியுள்ளனர். மும்பையின் சோர் பஜாரிலும் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் அவற்றை அடுக்கடுக்காகக் காணலாம். அத்தகைய அடுக்கொன்றில், 1980ஆம் ஆண்டு வெளிவந்த ‘சங்கராபரணம்’ என்னும் தெலுங்குப் படத்தின் பாடல் தட்டு கிடைக்கிறதென்று கொள்வோம். அதனை எவ்வாறு மதிப்பிடுவது?

முதலில் அதன் உடலை நோக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் புலப்படும். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடு பெரும்பாலும் சிறு இரைச்சலோடு நின்றுவிடும். நகத்தில் தட்டும் கீறலோ முள்ளைத் துள்ளச் செய்து, பாடிய அடியையே திரும்பப் பாட வைக்கும். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நாம் பேச்சில் சொல்வது இதனாலன்றோ! தூசியைக் காய்ச்சி வடித்த நீரில் தோய்த்த மென்துணியால், நடுவிலுள்ள காகிதம் நனையாமல், வரிகளின் போக்கிலேயே துடைக்கலாம். ஆனால் மழுங்கிய முள்ளால் தேய்ந்த வரியை எவராலும் மீட்க இயலாது. அத்தேய்வுக்கும் ஒரு பொருள் உண்டு. மிகுதியாகத் தேய்ந்த பாட்டு, முன்பு அதனை வைத்திருந்த வீட்டார் மிகுதியாக விரும்பிய பாட்டாக இருக்கலாம்.

இனி அதன் உயிரை நோக்குவோம். கே. விசுவநாத் இயக்கிய இப்படத்திற்கு இசையமைத்த கே. வி. மகாதேவன் நாகர்கோவில் மண்ணில் பிறந்தவர். ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆகியவற்றால் தமிழர் நன்கறிந்தவர். வாணி ஜெயராம் வேலூரிற் பிறந்து, மணமானபின் மும்பையில் குடியேறி, அங்கே இந்துஸ்தானி இசை பயின்று, 1971இல் ஓர் இந்திப் படத்தின் வாயிலாகப் புகழ் பெற்றவர். எஸ். பி. பாலசுப்பிரமணியம் கர்நாடக இசையை முறையாகப் பயிலாதவர். ஆயினும் கதையில் வரும் வித்துவானுக்குக் குரலானார். 1979ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகள் இம்மூவருக்கும் இப்படத்திற்காகவே கிடைத்தன. காவிரிக்கரையில் நெரூரில் அடங்கிய சதாசிவ பிரம்மேந்திரரின் வடமொழிப் பாடலும், மைசூர் வாசுதேவாசாரியாரின் தெலுங்குக் கீர்த்தனையும் இப்படத்தில் ஒலிக்கின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பளிக்கிறது. தம் தாய்மொழி அல்லாத மொழியில் உழைத்தவர்கள் பலர் கூடிப் படைத்த இசை இது. தமிழ்நாட்டில் இப்பாடல்களைத் தெலுங்கிலேயே கேட்டு மகிழ்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளன் எவனும் தேவைப்படவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் பெரியவர் ஒருவர் மறைந்ததும், அவருடைய இசைத்தட்டுகள் பழைய பொருள் வாங்குவோரிடம் போய்விடுவதுண்டு. உறையிலுள்ள எழுத்தையே பிள்ளைகள் படிக்க இயலாதபோது அவற்றை எவர் காப்பார்? பாட்டுகள்தாம் கைபேசியில் கிடைக்கின்றனவே என்பர். உண்மைதான். ஆனால் கைபேசிப் பாட்டைப் பெரும்பாலும் அவரவர் தனித்தே கேட்கிறோம். தட்டோ, ஒரு பக்கம் முடியும்வரை ஏறத்தாழ இருபது நிமிடம் வீட்டாரை ஓரிடத்தில் அமர்த்துகிறது.

அயலூர் வாழ்க்கையில் நம்முடையது கரைந்துபோகுமோ என்று அஞ்சுகிறோம். அவ்வச்சத்தைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்ல வேண்டியதில்லை. தட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒருநாள் அவர்களை அருகமர்த்தி, உறையிலுள்ள பெயர்களைப் படித்துக்காட்டி, வேலூர்ப் பெண்ணொருத்தி மும்பையில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய வரலாற்றைச் சொல்லுங்கள். அதன்பின் தட்டை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.